கக்குவது வேறு, வாந்தி வேறு

குழாயை முழங்கையால் தள்ளித் திறக்க வேண்டும் என்பது விதி. தள்ளுகிற கைப்பிடி உடைந்து ஒரு வருஷமாகிறது, அதற்குப் பதிலாகப் பேண்டேஜ் துணியை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், கட்டியவன் தன்னைப் பெரிய எஞ்சினியர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். கண்ணுக்கு நேராக டீன் ஒட்டச் சொன்ன படம், கை கழுவுவது எப்படி, ஆறு கட்டங்களில், ஆறாவது கட்டத்தில் இருக்கிற கைக்கு ஆறு விரல். இரண்டு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டுதான் எல்லாரும் கை கழுவுகிறோம், இத்தனை சர்ஜன்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை, எனக்குப் பட்டது, நான் சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும். ஐந்து நிமிஷம். நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை. ஐந்து நிமிஷம் வேறு எதுவும் செய்ய முடியாமல் சொந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது நல்ல பழக்கமில்லை. உள்ளே மேஜையில் நாற்பத்தோரு நாள் பிள்ளை படுத்திருக்கிறது. பேர் வைக்கவில்லை, கேஸ் ஷீட்டில் இசக்கியம்மாள் ஆண் குழந்தை என்று இருக்கிறது, பிறந்தபோது மூன்று கிலோ இருநூறு, இன்று இரண்டு கிலோ எழுநூறு. இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாசலில் தசை தடித்து வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது, குடித்த பால் இறங்க வழியில்லாமல் வந்த வழியே திரும்பிச் சுவரில் போய் அடிக்கிறது. அந்தத் தசையைக் கீறிப் பிரித்துவிட்டால் தீர்ந்தது, சர்ஜரியில் இவ்வளவு சுத்தமான வேலை வேறொன்று கிடையாது, நூற்றுப் பத்தோ பன்னிரண்டோ செய்திருக்கிறேன், அரைமணி நேரம். அதெல்லாம் ஒன்றுமில்லை. கேஸ் ஷீட்டின் கடைசியில் ஒரு ஓ.பி. சீட்டு குத்தியிருந்தது, காலையில் புரட்டும்போது பார்த்தேன், பதினேழு நாளைக்கு முந்தின தேதி, பால் கக்குதல், இயல்பானது, பால் கொடுத்தபின் தோளில் போட்டுத் தட்டவும், கீழே டாக்டர் சௌந்தரவல்லி, அதாவது நான், இந்தக் கட்டடத்தில் இவ்வளவு கேவலமான கையெழுத்து வேறு யாருக்கும் இல்லை. பதினேழு நாள். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமா என்று அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சோப்பு நுரை முழங்கை வரை ஏறிவிட்டது, இன்னும் நான்கு நிமிஷம். அன்றைக்கு ஓ.பி.யில் எண்பத்து நான்கு பேர். எண்பத்து நான்கு என்று எப்படித் தெரியும் என்றால் காலையில் சீட்டைப் பார்த்த கையோடு போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன், கேஸில் மாட்டினவன் வக்கீலைத் தேடிப் போவது போல. எண்பத்து நான்கில் பாதிப் பேர் வந்திருக்கவே வேண்டாம். பிள்ளையின் தலை ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது என்று ஒருத்தி, நாக்கு கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது என்று ஒருத்தி, எம்.எல்.ஏ.வுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே வருகிற ஒரு வெள்ளைச் சட்டை. இந்தப் பிள்ளை வந்தது தொப்புளுக்கு. கொடி விழுந்த இடம் ஆறாமல் சிவப்பாக ஒரு சதை, கொஞ்சம் கசிவு, இரண்டு மூன்று நாள் உப்பு வைத்தால் சுருங்கி உதிர்ந்துவிடும், அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா ஓடிக்கொண்டிருந்தபோது எதிரிலிருந்து ஒரு குரல் கக்குதான் மேடம் என்றது. முகம் ஞாபகமில்லை. பார்த்திருந்தால் ஞாபகம் இருக்கும், முகங்களை நான் மறப்பதில்லை. கக்குதான். இந்த ஊர்க்காரர்களுக்கு றகரம் வாயில் நுழையாது, கக்குறான் என்று சொல்ல என்ன கேடு, பத்தொன்பது வருஷமாகியும் இந்த ஊர்த் தமிழ் என் காதில் செருப்புக்குள் மணல் மாதிரிதான் இருக்கிறது, கும்பகோணத்தில் பிறந்தவளுக்கு அது விதி. கக்குறான் என்றால் என்ன, குடித்ததில் இரண்டு மிடறு கடைவாயில் ஒழுகுகிறது, துடைத்துவிட்டுப் போக வேண்டியது, எல்லாப் பிள்ளையும் கக்கும். இருபத்தேழு வருஷமாக ஒவ்வொரு செட்டுக்கும் முதல் வகுப்பில் நான் சொல்கிற வாக்கியம், கக்குவது வேறு, வாந்தி வேறு. தாய் சொல்கிற வார்த்தையைக் காது கொடுத்துக் கேளுங்கள், கக்குகிறான் என்றால் வீட்டுக்கு அனுப்புங்கள், வாந்தி எடுக்கிறான் என்றால் வயிற்றில் கையை வையுங்கள், உங்கள் ஸ்கேனைவிட அவள் வார்த்தை துல்லியம். கல்லூரி விழாவில் என்னைப் போல வேஷம் கட்டுகிறவன் புடவையைச் சுற்றிக்கொண்டு மேடைக்கு வந்து முதலில் இதைத்தான் சொல்வான், அரங்கம் அதிரும், நானும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துவைப்பேன், உள்ளுக்குள் பெருமை, ஒரு வாக்கியமாவது நிலைத்ததே என்று. அந்த வாக்கியம்தான் அன்று பேனாவை ஓட்டியது. கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. கவனித்தேன். கக்குதான் என்று காதில் விழுந்தது, கக்குதல் என்று எழுதினேன், என் பாடத்தை நானே அட்சரம் பிசகாமல் பின்பற்றினேன்.

பக்கத்துக் குழாயில் சந்தனமாரி வந்து நின்றாள். பி.ஜி. இரண்டாம் வருஷம், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கேட்டால்தான் பேசுவாள். சீட்டைத் தேடி எடுத்துக் கேஸ் ஷீட்டில் குத்தியது இவள்தான், இவளைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பொறுப்பு கிடையாது, குத்திவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் ஒரு திமிர் இருக்கிறது, எனக்குத் தெரியும், நானும் பி.ஜி.யாக இருந்தவள்தான். நோயைக் கண்டுபிடித்ததும் இவள்தான். திங்கட்கிழமை பிள்ளை வார்டுக்கு வந்தபோது ஸ்கேன் அறைக்காரர் வழக்கம்போல எல்லைக்கோட்டில் இருக்கிறது, சந்தேகம், தொடர்ந்து கவனிக்கவும் என்று எழுதி அனுப்பினார், அந்த மனிதருக்கு யானையைக் காட்டினாலும் சந்தேகம், தொடர்ந்து கவனிக்கவும் என்றுதான் எழுதுவார். இவள் பிள்ளைக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொல்லி, வலது விலாவுக்குக் கீழே விரல் நுனியை வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் அசையாமல் இருந்திருக்கிறாள். வயிற்றுத் தோலுக்கு அடியில் இடமிருந்து வலமாக ஒரு புடைப்பு நகர்ந்து போகும், ஒன்று போய் மறைந்ததும் இன்னொன்று, அந்த இடைவெளியில் வயிறு தளர்கிற நேரத்தில்தான் விரலுக்குக் கீழே அந்தத் தடித்த தசை உருளும். புத்தகத்தில் ஆலிவ் காய் போல இருக்கும் என்று எழுதியிருக்கிறது, இந்த ஊரில் ஆலிவ் காயைக் கண்டது யார், நான் இலந்தைக்காய் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதையாவது நினைவில் வைத்திருந்தாளே. இலந்தைக்காய் மாட்டிக்கிச்சு மேடம் என்று போனில் சொன்னாள், அப்போதும் குரலில் ஒரு சந்தோஷம் இல்லை. இப்போது கேட்டேன், ஓ.பி.யில் கக்குதான் என்று சொன்னவள் உன்னிடம் மட்டும் எப்படி வாந்தி என்று சொன்னாள் என்று, கேட்டபோதே என் குரலில் இருந்த குற்றச்சாட்டு எனக்கே கேட்டது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எங்கிட்டயும் கக்குதான்னுதான் சொன்னா மேடம். எங்க வீட்லயும் தொண்ணூறு நாளைக்குப் பச்சப்பிள்ளைக்கு அந்த வார்த்தையச் சொல்லமாட்டாங்க. சொன்னா வாந்திபேதிய வீட்டுக்குள்ள கூப்பிட்ட மாதிரி. அதனால எவ்வளவு தூரம் போவுதுன்னு கேட்டேன்.” ஆக, இவ்வளவுதான். என் துல்லியமான வார்த்தை, இருபத்தேழு செட் மாணவர்கள், புடவை கட்டின வேஷக்காரன், எல்லாம் கும்பகோணத்துத் தெரு ஒன்றின் வித்தியாசம். இங்கே ஒரு வீட்டில் அந்த வார்த்தையே கிடையாது, இல்லாத வார்த்தையை அவள் எங்கிருந்து எடுத்துச் சொல்வாள். இது மூடநம்பிக்கை, வேறென்ன, எந்தக் காலத்துக் காலரா, எந்தக் காலத்துப் பயம், ஒரு சொல்லைச் சொன்னால் நோய் வாசலில் வந்து நிற்குமாம். ஒரு சொல்லைச் சொல்லாவிட்டால் நோய் இல்லை என்று எழுதிக்கொடுத்த என்னை என்னவென்று சொல்வது.

தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டுகிறது, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கதவை முதுகால் தள்ளிப் போக வேண்டும், கோவிலில் சாமியைப் பார்த்தபடி பின்னால் நடக்கிறவர்களைப் போல. தொக்கக்காரி வேறு. அதை நினைக்காமல் உள்ளே போகலாம் என்றிருந்தேன். இசக்கியம்மாளின் மாமியார் நடுவில் ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொக்கம் எடுக்கிறவளிடம் போயிருக்கிறாள், என்னைப் பார்த்து ஒன்பது நாள் கழித்து. வயிற்றில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று சொல்லி ஒரு குழாயை வைத்து ஊதி, அல்லது உறிஞ்சி, கடைசியில் உள்ளங்கையைத் திறந்து ஒரு சுருண்ட நாரைக் காட்டுவார்கள், இதுதான் அடைத்திருந்தது என்று. நார் முந்தானையில் இருந்து வருகிறது. படித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளே போகின்றன, வங்கி மேனேஜர் பெண்டாட்டி போகிறாள், நான் வகுப்பில் இதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன், அடைப்பு என்ற சொல்லை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றிலும் புளுகுகிறவர்கள் என்று. அந்தத் தொக்கக்காரி என்ன செய்திருக்கிறாள் என்றால், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எப்படிக் கக்குகிறான் என்று கேட்டிருக்கிறாள், பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், கக்கியதும் எழுந்து கை கழுவிக்கொண்டு, இது என் கையில் எடுக்கிற தொக்கம் இல்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று சொல்லியிருக்கிறாள். பெரியாஸ்பத்திரியிலதான் தட்டிக் கொடுக்கச் சொல்லிருக்காவ என்று மாமியார் பதில் சொல்லியிருக்கிறாள். என் சீட்டைத்தான் சொல்லியிருக்கிறாள், வேறு யாருடைய சீட்டை. அதற்குப் பிறகு ஆறு நாள் தட்டியிருக்கிறார்கள். தோளில் போட்டு, மாறி மாறி, இரண்டு பெண்கள், பெரிய டாக்டரம்மா எழுதிக்கொடுத்தபடி. சந்தனமாரி இதை ஹிஸ்டரியில் ஒரு வரி விடாமல் எழுதிவைத்திருக்கிறாள், நான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு இப்படித் திரும்பி வருகிறது.

தியேட்டருக்குள் குளிர். பீர்முகமது பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டிருக்கிறார், மயக்க மருந்து கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, உயிரைக் கையில் வைத்துக்கொண்டு ஹம்மிங். திங்கட்கிழமையே செய்துவிடலாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன், எதற்கு அந்த அவசரம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை, சீட்டை அப்போது பார்க்கவில்லையே, ஆனால் கை பரபரத்தது. பீர்முகமது மறுத்துவிட்டார். வாரக்கணக்காக இரைப்பைப் புளிப்பையெல்லாம் வெளியே கொட்டிய பிள்ளை, ரத்தத்தில் உப்புகள் தலைகீழாகிக் கிடக்கின்றன, இப்போது மயக்கம் கொடுத்தால் விழித்த பிறகு மூச்சுவிட மறந்துபோகும், முதலில் டிரிப்பில் உப்பையும் பொட்டாசியத்தையும் ஏற்றிச் சரிக்கட்டுங்கள், பிறகு கத்தியை எடுங்கள் என்றார். இது எனக்குத் தெரியாதா, இவருக்கு முன்னாலேயே நான் வகுப்பெடுத்த பாடம். தெரிந்த பாடத்தை இன்னொருவர் வாயால் கேட்கும்போது வருகிற எரிச்சலோடு இரண்டு நாள் வார்டைச் சுற்றி வந்தேன், டிரிப்பைப் பார்த்தேன், மூத்திரம் போனதா என்று கேட்டேன், அம்மாக்காரி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள், அவளைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டிப் போனேன். ஒரு தடவை கூட அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மற்றத் தாய்மார்கள் புடவையைப் பிடித்து இழுப்பார்கள், பொழச்சுக்குமா டாக்டரம்மா என்று காலைக் கூடத் தொடுவார்கள், அப்போதெல்லாம் எரிந்து விழுவேன். இவள் கேட்காதது நிம்மதியாக இருந்தது, அறிவில்லாத ஜென்மம், கேட்கவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காலையில் உப்பெல்லாம் சரியாகிவிட்டது. சிஸ்டர் ஜெபக்கனி கண்ணை மூடித் திறந்தாள், ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால் அரை நிமிஷம் ஜெபம், கையை நீட்டிக்கொண்டு நான் காத்திருக்க வேண்டும், வழக்கமாக ஆண்டவர் வந்தாச்சா என்று கிண்டலாகக் கேட்பேன், இன்று கேட்கவில்லை, அவளும் கண்ணைத் திறந்து ஒரு மாதிரி பார்த்தாள்.

தொப்புள் ஆறியிருந்தது. துணியை விலக்கி மருந்து தடவும்போது பார்த்தேன், சதை உதிர்ந்து, சுத்தமாக, ஒரு சின்னக் குழி, உப்பு வைக்கச் சொன்னது நான்தான், வைத்திருக்கிறார்கள், மூன்று வேளையும் வைத்திருப்பார்கள், நான் எழுதினதில் ஒன்றைக் கூட விடவில்லை. அந்தத் தொப்புளின் மேல் விளிம்பில் பிறை மாதிரி கீறினேன். விலா எலும்புகளை எண்ணலாம், தோல் தளர்ந்து, வயசான ஒருவரின் முகம் இந்தப் பிள்ளைக்கு, பால் கிடைக்காத பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே முகம்தான். உள்ளே போய் இரைப்பையைப் பிடித்து மெல்ல இழுக்க, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அந்தத் தடித்த தசை வெளியே வந்தது, வெளுப்பாக, பளபளப்பாக, கல் மாதிரி. இலந்தைக்காயைவிடப் பெரிது. பதினேழு நாளைக்கு முன்னால் சின்னதாக இருந்திருக்கும், நான் கை வைத்திருந்தாலும் தட்டுப்பட்டிருக்காதோ என்னவோ, அப்படிச் சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது, கமிட்டி வைத்தாலும் ஒத்துக்கொள்வார்கள், அந்த வயசில் ஆரம்பத்தில் தெரியாது, புத்தகத்திலேயே இருக்கிறது. தெரியாது என்பது கை வைத்தவள் சொல்ல வேண்டியது. சந்தனமாரி கிளிப்பைப் பிடித்துக்கொண்டு என் விரலையே பார்க்கிறாள். ரத்தக் குழாய் இல்லாத வெளுத்த கோடு ஒன்று அதன் முதுகில் ஓடும், குடல் பக்கத்திலிருந்து இரைப்பை வரை அந்தக் கோட்டில் மேலாக ஒரு கீறல், அவ்வளவுதான் கத்தி, மீதி எல்லாம் பிரிப்பது. பிரிக்கிற இடுக்கியை உள்ளே வைத்து விரித்தால் செங்காய்க் கொய்யா பிளப்பது போல் நறநறவென்று தசை விலகும். நிறுத்த வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குறைவாகப் பிரித்தால் அடைப்பு அப்படியே இருக்கும், கூடப் பிரித்தால் உள்தோல் கிழிந்துவிடும், குடல் பக்கத்து முனையில் அது காகிதம் மாதிரி, அங்கே கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் போகும், நாளை மறுநாள் வயிறு உப்பிப் பிள்ளை போய்விடும். நூற்றுப் பத்தில் எனக்கு இரண்டு கிழிந்திருக்கின்றன, இரண்டையும் அங்கேயே பார்த்துத் தைத்துவிட்டேன், அதை வகுப்பில் சொல்வதில்லை. இடுக்கியை விரித்தேன். தசை பிரிந்தது, உள்தோல் ஈரமாகப் புடைத்து மேலே வந்தது, வாசல் திறந்துவிட்டது, இன்னும் கொஞ்சம், குடல் பக்கம் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டருக்கு என் கை போகவில்லை. நின்றுவிட்டது. இதென்ன புதுப் பழக்கம், முப்பது வருஷமாக இல்லாத பயம், இன்னொரு தடவை இதே பிள்ளைக்கா என்று ஒரு நினைப்பு வந்து விரலில் உட்கார்ந்துகொண்டது. பீர்முகமதின் முனகல் நின்றது, எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது, பார்க்கிறவர்களை எல்லாம் மனசுக்குள் திட்டினேன், திட்டிக்கொண்டே அந்த ஒரு மில்லிமீட்டரையும் பிரித்தேன்.

இரைப்பைக்குள் குழாய் வழியாகக் காற்றை ஏற்றச் சொன்னேன், காயத்தின் மேல் உப்புத் தண்ணீரை ஊற்றினாள் ஜெபக்கனி. பங்சர் கடைக்காரன் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிறானே, அதே வேலைதான், அவன் இதற்கு எம்.சி.ஹெச். படிக்கவில்லை. கிழிசல் இருந்தால் குமிழி வரும். வந்தது. ஒரே ஒரு குமிழி, குடல் பக்கத்து முனையில், கடுகளவு, வந்து நின்று உடைந்தது. ஊற்றும்போது தண்ணீரோடு வந்த காற்றாகவும் இருக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூறு அப்படித்தான், துடைத்துவிட்டு மறுபடி ஊற்று என்றேன், என் குரல் நன்றாகத்தான் இருந்தது. மறுபடி காற்று. உள்தோல் பலூன் மாதிரி எழும்பியது, தண்ணீர் அசையாமல் கிடந்தது. எனக்குத் திருப்தியில்லை. மூன்றாவது தடவை ஏற்றுங்கள் என்றேன், பீர்முகமது போதும் மேடம் என்றார், போதுமா இல்லையா என்பதை நான் சொல்கிறேன் என்றேன், நாலாவது தடவையும் ஏற்றச் சொன்னேன். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது, நர்ஸ் ஒருத்தி வந்து துடைத்தாள். காற்று இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் ஓடுவது தெரிந்தது, சுருங்கிக் கிடந்த குடல் மெல்ல உருண்டு திரண்டது. கிழியவில்லை. வழி திறந்துவிட்டது. ஆறு மணி நேரம் கழித்துப் பால் கொடுக்கலாம், முதலில் ஒன்றிரண்டு தடவை கக்கும், கக்கினாலும் பயப்பட வேண்டாம் என்று தாயிடம் சொல்ல வேண்டும், யார் சொல்வது, வழக்கமாகச் சந்தனமாரி சொல்வாள். தையலை அவளிடம் விட்டுவிட்டு வந்திருக்கலாம், விடவில்லை, கடைசித் தையல் வரை நானே போட்டேன். நீங்கள் போங்கள் மேடம், வெளியே நான் பேசிக்கொள்கிறேன் என்றாள் சந்தனமாரி. கருணை. பி.ஜி. இரண்டாம் வருஷம் எனக்குக் கருணை காட்டுகிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினேன்.

என்னவென்று ஆரம்பிப்பது. வாக்கியங்கள் எனக்குப் பஞ்சமில்லை, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் நான் ஒரு அங்குலம் தப்பித்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தபோது அறிகுறி தெளிவாக இல்லை என்பது ஒன்று, அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்பது ஒன்று, இந்த நோய் நாளாக ஆகத்தான் தெரியவரும் என்பது ஒன்று. சொல்லாமலே விட்டால் என்ன, இவளுக்குத் தெரியப்போவதில்லை, முகமூடி போட்டிருந்தேன், கையெழுத்தை யாரும் படிக்க முடியாது, பிள்ளை பிழைத்துவிட்டது, கும்பிட்டுவிட்டுப் போவாள். அந்தக் கும்பிடைத்தான் வாங்கிக்கொள்ள முடியாது. தியேட்டருக்கு வெளியே சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள், நைட்டி, அதன் மேல் ஒரு துண்டு, இந்த ஊரில் பெண்களின் தேசிய உடை. துண்டு காய்ந்து விறைத்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், புளித்த பால் வாசனை இரண்டடிக்கு முன்னாலேயே வந்தது. இருபத்திரண்டு இருபத்து மூன்று வயசிருக்கும், கன்னத்தில் பழைய தழும்பு ஒன்று, நெற்றியில் காலையில் வைத்த திருநீறு. இரண்டு நாளாகத் தாண்டிப் போன முகம். என்னைக் கண்டு எழுந்தாள், கும்பிடவில்லை. நல்லபடியாக முடிந்தது, அடைப்பு திறந்துவிட்டது, சாயங்காலம் பால் கொடுக்கலாம், முதலில் இரண்டொரு தடவை வெளியே வரும், பயப்படக் கூடாது என்று சொன்னேன். தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்து துண்டால் துடைத்துக்கொண்டாள். இதோடு திரும்பிப் போய்விடலாம். கால் திரும்பக்கூடச் செய்தது.

“பதினேழு நாளைக்கு முன்னாடி ஓ.பி.யில பார்த்தது நான்தான். தட்டிக் குடுக்கச் சொல்லி எழுதினதும் நான்தான். அது என் தப்பு.”

“தெரியும்” என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “திங்கக்கெழம வார்டுல பாத்ததும் தெரிஞ்சுட்டு. எம் பிள்ளைய அறுக்கப்போறவுகள்ட்ட போயி என்னத்தக் கேக்க? அதான் வாயத் தொறக்கல.”

இரண்டு நாள் கட்டிலுக்குக் கீழே கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்த அறிவில்லாத ஜென்மம். என் கையைக் கெடுத்துவிடக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை, முப்பது வருஷத்துப் பழக்கம், தானாகவே திறந்துகொண்டது, நீங்க கக்குறான்னுதானே சொன்னீங்க என்றேன்.

“கக்குதான்னுதான் சொன்னேன். எங்க வீட்ல வேற வார்த்த சொல்லக் கூடாது. அதுக்குத்தான் இப்படிக் கக்குதான்னு கையக் காட்டுனேன். நீங்க எழுதிக்கிட்டு இருந்திய.”

இப்படி. என் காதில் விழாத சொல் அது, அல்லது விழுந்தது, கேட்டுக்கொள்ளவில்லை, அதற்குக் காது மட்டும் போதாது. தாய் சொல்கிற வார்த்தையைக் காது கொடுத்துக் கேளுங்கள், தூ. அந்த அறையில் இரண்டடி தூரத்தில் ஒரு கை நீண்டிருக்கிறது, சுவர் வரை எப்படிப் போகிறது என்று எனக்கு முன்னால் காட்டியிருக்கிறது, காட்டிவிட்டு மடங்கியிருக்கிறது, நான் உப்புக்கு எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த ஊரையும் இதன் தமிழையும் தொக்கக்காரியையும் ஸ்கேன்காரரையும் காலையிலிருந்து வரிசையாக நிற்கவைத்துக் காறித் துப்பியாகிவிட்டது, வரிசையில் இன்னும் ஒருத்திதான் பாக்கி. உள்ளேயிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது, மெலிசாக, பீர்முகமது எழுப்பிவிட்டார், மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவள் கதவைப் பார்த்தாள். அவளை நிறுத்தி வைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை, ஆனாலும் கேட்டேன், எப்படிக் காட்டினீங்க, ஒரு தடவை காட்டுங்க என்றேன்.

அவள் என் முகத்தை முழுசாகப் பார்த்தாள். கை துண்டை விட்டு எழவில்லை.

“இப்பம் என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டு, என்னைத் தாண்டிப் பிள்ளையிடம் போனாள்.